தோண்டாத கிணற்றுக்குப் பங்கு விற்கிறார்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பூமிக்கடியில் இருக்கும் சூட்டிலிருந்து தயாரிக்கும் புவிவெப்ப மின்சாரத்தில், வெளிநாட்டுக் கம்பெனிகள் வழியாகச் சிறு முதலீட்டாளர்களும் பணம் போடலாம் என்று சென்ற ஞாயிறு உங்கள் வணிகப் பக்கத்தில் ஒரு கட்டுரை வந்திருந்தது. காவிரிப் படுகையில் எண்ணெய்க் கிணறு தோண்டும் ரிக்குகளில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன் நான். வெயிலையும் காற்றையும் எதிர்பார்க்காமல் இரவு பகலாகக் கிடைக்கும் மின்சாரம் என்பதால் புவிவெப்பத்தின் மேல் எனக்கு மரியாதை உண்டு. (சென்னையில் இருந்துகொண்டு பூமிக்கடியில் வேறு சூடு தேட வேண்டுமா என்று என் மனைவி கேட்கிறாள், அது வேறு.) ஓடிக்கொண்டிருக்கும் மின்நிலையத்தையும், இன்னும் இடம் தேடிக்கொண்டிருக்கும் கம்பெனியையும் கட்டுரையாளர் ஒன்றாகப் பேசியதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

அதே வாரம் தியாகராய நகரில் ஒரு ஹோட்டல் அரங்கில் இதே சரக்கை விற்றார்கள். என் மைத்துனர் பணிக்கொடைப் பணத்தைப் போடும் யோசனையில் கிளம்பினார். நானும் கூடப் போனேன். வழவழப்பான கையேடு கொடுத்தார்கள். அட்டையில் ஐஸ்லாந்தின் நீராவி. கம்பெனி தேடப்போவதோ வேறொரு கண்டத்தில். உள்ளே சிவப்பும் மஞ்சளுமாக ஒரு வரைபடம். நிலத்தடி மண்ணும் பாறையும் மின்சாரம் பாய்வதைத் தடுக்கும் அளவு, அதாவது மின்தடை, எங்கே குறைவு என்று அளந்து வரைந்தது. சிவப்புத் திட்டில் விரலை வைத்து, "சூடு இங்கேதான் இருக்கிறது" என்றார் பேசியவர். மின்தடை குறைந்த இடத்தில் வெந்நீரும் இருக்கலாம், வெறும் களிமண்ணும் இருக்கலாம். இதுவரை எத்தனை கிணறு தோண்டினீர்கள் என்று கேட்டேன். இந்த நிதி சேர்ந்ததும்தான் முதல் கிணறாம். "போர் போட்டால் தண்ணீர் வராமலா போகும் சார்?" என்று சிரித்தார். 2019 கோடையில் அவர் சென்னையில் இருந்திருக்க மாட்டார்.

பாறை சூடாக இருந்தால் மட்டும் நீராவி வராது. அந்தப் பாறையில் நீர் ஓடுவதற்குப் பிளவுகள் வேண்டும், நீரும் வேண்டும். மூன்றும் சேர்ந்திருக்கிறதா என்பது தோண்டிய பிறகே உறுதியாகும். தோண்டும்போது கிணற்றுக்குள் இறக்கும் சேற்றுக் குழம்போடு அடியிலிருந்து மேலே வரும் கல் துகள்களைச் சலித்துக் கழுவி, உருப்பெருக்கியின் கீழே வைத்துப் பார்ப்போம். சில நாள் இறக்கிய குழம்பு திரும்பி வராமலே பிளவுக்குள் போய்விடும். புவிவெப்பக் கிணற்றில் அது நல்ல சகுனமாகவும் இருக்கலாம், கிணற்றையே கைவிடவும் நேரலாம். எப்படியானாலும் ரிக் வாடகை ஓடிக்கொண்டேயிருக்கும்.

ஆஸ்திரேலியாவில் நடந்ததைக் கட்டுரையாளர் ஏன் விட்டுவிட்டார்? கூப்பர் படுகையில் ஜியோடைனமிக்ஸ் என்ற நிறுவனம் 4 கிலோமீட்டருக்கும் கீழே இறங்கிச் சூடான கருங்கல் பாறையைத் தொட்டது. 2008-ல் நம் டாடா பவர் சுமார் 4.4 கோடி ஆஸ்திரேலிய டாலர் கொடுத்து அதில் பங்கு வாங்கியது. அடுத்த ஆண்டே ஒரு கிணற்றின் உட்சுவராக இறக்கிய உறைக்குழாய் உடைந்து நீராவி பீறிட்டது. 2013-ல் 1 மெகாவாட் சோதனை நிலையம் சில மாதங்கள் ஓடியது. பிறகு கிணறுகளை அடைத்து, நிறுவனத்தின் பெயரையும் மாற்றிவிட்டார்கள். சூடு இருந்தது, லாபம்தான் இல்லை. டாடா பவர் தாங்கிக்கொள்ளும். ஒருவருடைய பணிக்கொடை எப்படித் தாங்கும்?

கட்டுரையில் புகழ்ந்திருக்கும் கென்யாவையே எடுத்துக்கொள்ளுங்கள். ஓல்காரியாவில் 1950-களில் தோண்டிய முதல் இரண்டு கிணறுகளும் பலன் தரவில்லை. முதல் மின்சாரம் வந்தது 1981-ல். 2008-ல் அந்நாட்டு அரசு தனியாக ஒரு நிறுவனம் தொடங்கி, தோண்டும் நஷ்டம் தன்னுடையது, கிடைக்கும் நீராவியை வாங்கி மின்சாரம் தயாரிப்பது தனியாருடையது என்று பிரித்தது. ஐஸ்லாந்திலும் கிணறு பொய்த்தால் அரசு நிதியிலிருந்து கொடுத்த கடனைத் தள்ளுபடி செய்யும் ஏற்பாடு இருந்தது. நம் ஊரில் மட்டும் அந்த நஷ்டத்தை நங்கநல்லூர் ஓய்வூதியக்காரர் சுமக்க வேண்டுமா? லடாக்கின் பூகா பள்ளத்தாக்கில் ஓ.என்.ஜி.சி. தோண்டுகிறது, அது சரி. அதற்கான பணமும் ஆளும் அவர்களிடம் உண்டு.

ஒருவர் ஆண்டுக்கு 2.5 லட்சம் டாலர் வரை வெளிநாட்டுக்கு அனுப்ப ரிசர்வ் வங்கி அனுமதிக்கிறது. முதலீட்டுக்கு அனுப்பும் தொகை 10 லட்சம் ரூபாயைத் தாண்டினால், தாண்டிய பகுதிக்கு 20 சதவீதம் வரி முன்கூட்டியே பிடிப்பார்கள். பிறகு கணக்குக் காட்டித் திரும்பப் பெறலாம். இந்த விதிகளைக் கட்டுரை ஒழுங்காகச் சொன்னது. ஆனால் இவை பணம் எப்படிப் போகும் என்பதற்கான விதிகள். வெளிநாட்டுக் கம்பெனி கவிழ்ந்தால் எந்த ஊர் நீதிமன்றத்தில் நிற்பது என்பதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

புவிவெப்பத்தில் பணம் போட்டே தீர வேண்டும் என்பவர்கள், நீராவி எடுத்து மின்சாரம் விற்றுக்கொண்டிருக்கும் நிறுவனங்களின் கணக்கறிக்கையைப் படிக்கட்டும். அடுத்த முறை இப்படியொரு கம்பெனியைப் பற்றி எழுதும் முன், தோண்டிய கிணறுகளின் ஆழம், அடியில் அளந்த வெப்பம், எத்தனை நாள் ஓடவிட்டுச் சோதித்தார்கள் என்ற விவரத்தை உங்கள் நிருபர் கேட்டு வாங்கி அச்சிட வேண்டுகிறேன். தர மறுத்தால் அதையும் அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ரிக் பணியாளர்,
நங்கநல்லூர், சென்னை-61.