டியூபை எடுக்கும் முன்

அன்புள்ள தேன்மொழிக்கு,

கல்லீரல் மாற்று ஐ.சி.யூ.வில் அடுத்த வாரம் சேர்வதாக எழுதியிருந்தாய். நோயாளியை வென்டிலேட்டரிலிருந்து விடுவித்து, மூச்சுக்குழாயிலுள்ள டியூபை எடுப்பது பற்றித்தான் இந்தக் கடிதம்.

முதலில் ரத்தத்தில் லாக்டேட்டைப் பார், கல்லீரல் கழித்தெடுக்க வேண்டிய பொருள் அது. அதன் அளவு இறங்கி, நினைவும் தெளிந்து வந்தால் புதுக் கல்லீரல் வேலையைத் தொடங்கிவிட்டது என்று நம்பலாம். ஆக்சிஜன் 40 சதவீதம், பீப் (மூச்சை விட்ட பிறகும் நுரையீரலில் மெஷின் நிறுத்திவைக்கும் அழுத்தம்) 5 போதுமென்ற நிலை வந்ததும், பிரஷர் சப்போர்ட்டை (மூச்சை இழுக்கும்போது மெஷின் தரும் அழுத்த உதவி) 5-8க்குக் குறைத்து 30 நிமிடம் தானாக மூச்சுவிட வை. நிமிடத்துக்கு 24 மூச்சு, ஒவ்வொன்றும் 400 மில்லி, அதாவது 0.4 லிட்டர் என்றால் 24ஐ 0.4ஆல் வகு, 60 வரும். 105ஐத் தாண்டினால் மெஷின் இல்லாமல் தாங்க மாட்டார்கள். சப்போர்ட்டோடு கணக்கிட்டால் இந்த எண் உள்ளதைவிட நல்லதாகத் தெரியும், ஏமாந்துவிடாதே.

அதனால் வயிற்றில் கை வைத்துப் பாரம்மா. மூச்சை இழுக்கும்போது வயிறு எழும்ப வேண்டும். உள்ளே குழிந்தால் உதரவிதானம் வேலை செய்யவில்லை. கல்லீரலுக்கு மேலே பெருஞ்சிரையில் கிளாம்ப் போடும்போது உதரவிதானத்தை இயக்கும் வலது ஃபிரெனிக் நரம்பும் சேர்ந்து நசுங்குவதுண்டு. வலது நெஞ்சில் நீர் கோப்பது அதைவிடச் சகஜம். படுக்கையில் எடுத்த எக்ஸ்ரே இரண்டையும் குழப்பும். அல்ட்ராசவுண்ட் வைத்தால் தெரிந்துவிடும். நீரை வடிக்கலாம். நரம்பு தேற வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் ஆகும்.

மூச்சு 35ஐத் தாண்டினாலோ, வியர்த்து நாடி 140க்கு ஏறினாலோ உடனே பழைய செட்டிங்குக்குத் திரும்பு. அன்றே மறுபடி முயலாதே, களைத்த தசைக்கு ஒரு நாள் ஓய்வு வேண்டும். அந்த ஒரு நாளில் காரணத்தைத் தேடு. வளரும் கல்லீரல் பாஸ்பேட்டை வாரி எடுத்துக்கொள்ளும். அது குறைந்தால் மூச்சுத் தசை தளரும். உடம்பில் நீர் கூடியிருக்கலாம். கல்லீரல் மந்தமாக இருந்தால் வலிக்குக் கொடுக்கும் ஃபென்டனில் கழியாமல் தங்கும்.

டியூபை எடுக்கும் முன் கஃப் (டியூபைச் சுற்றியுள்ள சிறு பலூன்) காற்றை இறக்கி, டியூபைச் சுற்றிக் கசியும் காற்றை அள. 110 மில்லிக்குக் குறைந்தால் குரல்வளை வீங்கியிருக்கலாம். வழக்கமாக ஸ்டீராய்டு கொடுத்து 4 மணி நேரமாவது காத்திருப்போம். இவர்களுக்கு மெத்தில்பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு ஏற்கெனவே போகும்; கடைசி டோஸ் எப்போதென்று சார்ட்டில் பார்.

எடுத்தபின் தலைமாட்டை 30 டிகிரிக்குக் கீழே இறக்காதே. தையல்மேல் தலையணையை அணைத்து இருமச் சொல். வலிக்குப் பயந்து இருமாதவர்களுக்குத்தான் சளி அடைத்து மறுபடி டியூப் போட நேர்கிறது.

டியூப் வாயிலிருக்கும்வரை அவர்களால் வாய் திறந்து எந்தக் கேள்வியும் கேட்க முடியாது. செய்யப்போவதை ஒவ்வொரு முறையும் காதருகே சொல்லிவிட்டுச் செய்.

அன்புடன்,
அப்பா