ஓய்வு பெற்ற நெடுந்தூரப் பந்தயக் குதிரைகளுக்கு நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

அமெரிக்காவின் ஜாக்கி கிளப் தங்கக் கோப்பையை 1960 முதல் 1964 வரை ஐந்து ஆண்டுகள் விடாமல் வென்றது கெல்சோ என்ற குதிரை. அப்போது அது இரண்டு மைல் ஓட்டம். கடைசி முறை 3 நிமிடம் 19.2 வினாடியில் முடித்தபோது அதற்கு வயது ஏழு. மொத்தம் 63 பந்தயங்கள், 39 வெற்றிகள்.

இத்தனை வென்ற பொலிகுதிரை என்றால் ஓய்வுக்குப் பிறகும் இனவிருத்தியில் சம்பாதித்துக் கொடுக்கும். கெல்சோ காயடிக்கப்பட்டது, அந்த வழியில்லை. உரிமையாளர் அலேர் டுபாண்ட் தம் பண்ணையிலேயே வைத்துப் பார்த்துக்கொண்டார். எல்லாக் குதிரைகளுக்கும் அப்படி வாய்ப்பதில்லை. அவற்றுக்காகத்தான் ஒரு பொது மேய்ச்சல் நிலமும் லாயமும் அமைக்கிறோம்.

செலவு முதல் மாதத்தில்தான் அதிகம். தானியத்தில் வளர்ந்த பந்தயக் குதிரையைச் சட்டென்று புல்லுக்கு மாற்றினால் குடல் தாங்காது, கோலிக் எனும் வயிற்றுவலி வந்துவிடும். இரண்டு மூன்று வாரங்களில் தானியத்தைப் படிப்படியாகக் குறைத்து, 500 கிலோ எடையுள்ள குதிரைக்கு நாளொன்றுக்கு 8 முதல் 10 கிலோ உலர்புல் என்ற அளவுக்குக் கொண்டுவர வேண்டும். கோலிக் லேசுப்பட்டதல்ல. ஓய்வு பெற்ற குதிரைகளுக்கு நிதி திரட்ட 1983 அக்டோபர் 15 அன்று நியூயார்க்கின் பெல்மான்ட் பார்க் பந்தயத் திடலில் வலம்வந்த கெல்சோ, மறுநாள் அதனால்தான் இறந்தது. வயது 26.

அடுத்தது குளம்பு. மெல்லிய அலுமினிய லாடத்தை அடிக்கடி கழற்றி மாட்டியதில் ஆணித்துளைகள் ஓரத்தை உடைத்திருக்கும். புதுக் குளம்பு முழுதாக வளர ஓராண்டு வரை ஆகும். அதுவரை ஆறு வாரத்துக்கு ஒருமுறையாவது லாடக்காரர் வந்து செதுக்க வேண்டும். பல்லை ஆண்டுக்கொருமுறை அராவ வேண்டும். பாதி மென்ற புல் உருண்டை உருண்டையாகக் காலடியில் கிடந்தால் கடைவாய்ப்பல் தேய்ந்துவிட்டது என்று பொருள். அந்தக் கிழக் குதிரைகளுக்குத் தீவனத்தை ஊறவைத்துத்தான் தர முடியும்.

பணமாகத் தரலாம், மாதந்தோறும் சிறு தொகை தந்தால் மொத்தமாகத் தருவதைவிட எங்களுக்கு உதவி. பொருளாகத் தருவோர் வேலிக்கு மரச்சட்டங்கள், பூஞ்சை படாத உலர்புல், தண்ணீர்த் தொட்டிகள் தரலாம். முள்கம்பி வேண்டாம், பந்தயக் குதிரை இனத்துக்குத் தோல் மெல்லியது, மிரண்டால் வேலியில் பாய்ந்துவிடும். இயந்திரத்தில் வெட்டிய தோட்டப்புல்லும் வேண்டாம். குவிந்து கிடந்து புளித்தால் அதுவும் கோலிக்கில்தான் முடியும்.

வரவுசெலவுக் கணக்கை மூன்று மாதத்துக்கு ஒருமுறை எல்லா நன்கொடையாளர்களுக்கும் அனுப்புவோம்.

இப்படிக்கு,
பராமரிப்புக் குழுவினர்