நடந்து பார்க்க ஒரு வழி வேண்டும்: உதகை நகராட்சிக்கு ஒரு திறந்த மடல்

உதகமண்டலம் நகராட்சித் தலைவர், ஆணையர், நகர்மன்ற உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நான் இந்த ஊரின் காந்தல் பகுதியில் பிறந்து வளர்ந்தவள். வெளியூரிலிருந்து வரும் உறவினர்கள் தொட்டபெட்டா, படகு இல்லம், ரோஜாப் பூங்கா என்று ஒரே நாளில் வண்டியில் சுற்றிவிட்டு மாலையில் "ஊட்டி முழுவதும் பார்த்தாயிற்று" என்று சொல்லும்போது எனக்கு மனம் ஆறுவதில்லை. காசி விசுவநாதர் கோயிலும் குருசடித் திருத்தலமும் இருக்கும் எங்கள் காந்தலை அவர்கள் எட்டிக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள்.

வழிகாட்டி எவரும் இல்லாமலே, கையில் ஒரு வரைபடத்தை வைத்துக்கொண்டு இந்த ஊரின் பகுதிகளைத் தாமாக நடந்து பார்க்கும் பாதைகளை நகராட்சி வகுத்துத் தர வேண்டும் என்பதே என் விண்ணப்பம். புதுச்சேரியில் கால்வாய்க்குக் கிழக்கே பிரெஞ்சுப் பகுதியையும் மேற்கே தமிழர் பகுதியையும் மக்கள் அப்படித்தான் நடந்து பார்க்கிறார்கள்.

நமக்கு அதைவிடக் குறைவாக ஒன்றுமில்லை. 1908இல் உதகை வரை வந்து சேர்ந்து, 2005இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்ற மலை ரயிலை விட்டு இறங்குபவர், மார்க்கெட்டுக்குள் நுழைந்தால் வெள்ளைத் துணி போர்த்திய படகர் மூதாட்டிகளைக் காணலாம். அப்படியே மேலேறினால், 1829இல் அடிக்கல் நாட்டப்பட்ட புனித ஸ்தேவான் ஆலயத்துக்குப் போய்விடலாம். அந்த ஆலயத்தின் உத்தரங்கள் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் இருந்த திப்பு சுல்தானின் அரண்மனையிலிருந்து கொண்டுவரப்பட்டவை. அண்ணாந்து பார்க்கிற எவருக்கும் அதைச் சொல்லிவிட வேண்டும் என்று எனக்குத் தோன்றும். கோயம்புத்தூர் ஆட்சியராக இருந்த ஜான் சல்லிவன் 1822இல் கட்டத் தொடங்கிய கல் பங்களா இன்று அரசு கலைக் கல்லூரி வளாகத்தில் நிற்கிறது. 1964இல் இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து வந்து இந்த மாவட்டத்தின் தேயிலைத் தோட்டங்களில் குடியேறிய தமிழர்களின் கதைக்கும் வரைபடத்தில் இடம் வேண்டும்.

ஆனால் ஓர் அச்சமும் எனக்கு உண்டு. தாவரவியல் பூங்காவுக்கு மேலே மஞ்சக்கல் மந்து என்ற தோடர் பழங்குடியினரின் குடியிருப்பு இருக்கிறது. ஒரு முறை அங்கே தோடர் பாட்டி ஒருவர் வாசலில் அமர்ந்து, வெள்ளைத் துணியின் இழைகளை ஊசி முனையால் எண்ணி எண்ணிச் சிவப்பும் கறுப்புமாகப் பூத்துக்குளி என்ற தோடர் போர்வைக்குப் பூவேலை செய்துகொண்டிருந்தார். அச்சிட்ட கோலமோ, துணியை இழுத்துப் பிடிக்கும் சட்டமோ இல்லை. எண்ணிக்கை மட்டுமே கணக்கு. 2013இல் புவிசார் குறியீடு பெற்ற வேலைப்பாடு அது. அந்நேரம் வந்த சிலர் அவரிடம் ஒரு வார்த்தை பேசாமல், குனிந்துதான் நுழைய வேண்டிய அந்த வீட்டு வாசலுக்குள் கைப்பேசியை நீட்டிப் படம் எடுத்தார்கள். பாட்டி ஊசியைத் துணியில் குத்திவிட்டு, துணியைச் சுருட்டிக்கொண்டு எழுந்து உள்ளே போய்விட்டார். எனக்குத் தலை நிமிரவில்லை.

ஆகவே எந்தப் பாதையையும் அங்கே குடியிருப்பவர்களைக் கலந்து பேசாமல் வகுக்க வேண்டாம். மந்துக்குள் எதுவரை வரலாம், எந்தக் கோயிலை நெருங்கக் கூடாது, படம் எடுக்கலாமா என்பதைத் தோடர்களே முடிவு செய்யட்டும். அவர்கள் வேண்டாம் என்றால் பாதை பூங்காவோடு நின்றுவிடட்டும். பலகைகளில் தமிழோடு அந்தந்தச் சமூகத்தார் தம் ஊருக்கு வழங்கும் பெயரும் இருக்க வேண்டும். முதியவர்கள் மூச்சு வாங்க ஏற்றத்தில் ஆங்காங்கே திண்ணை, சுத்தமான கழிப்பறை, குடிநீர் ஆகியவை போதும். பெரிய செலவு தேவையில்லை.

முதலில் ரயில் நிலையத்திலிருந்து மார்க்கெட் வழியாக ஸ்தேவான் ஆலயம் வரை ஒரே ஒரு பாதையை, அடுத்த கோடை விழாவுக்கு முன் அமைத்துப் பாருங்கள். காந்தலுக்கு ஒரு பாதை வகுக்க முன்வந்தால், எங்கள் தெருக்களின் பழைய பெயர்களையும் கதைகளையும் எழுதித் தர நான் அணியமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
காந்தல்வாசி ஒருத்தி