பட்டியலில் பெயர் வந்துவிட்டது

பிராங்க்ஸ், நியூயார்க்

அன்புள்ள வசந்தி,

உன் கடிதம் கிடைத்தது. சின்னவளுக்குத் தேனியிலேயே வேலை அமைந்ததில் எனக்கும் நிம்மதி. இங்கே குளிர் ஆரம்பித்துவிட்டது, இவருக்கு முட்டிவலியும் கூடவே வந்துவிட்டது. மற்றபடி குறையில்லை.

"அதான் சிட்டி கவுன்சில் கிராண்ட் குடுத்துட்டாங்களே, அப்புறம் ஏன்டி புலம்புற?" என்று கேட்டிருந்தாய். நான் கணக்கெழுதும் ஆப்பிரிக்கப் பெண்கள் அமைப்பின் பெயர் இந்த வருஷமும் பட்டியலில் வந்தது. பணம்தான் வரவில்லை.

இங்கே நிதியாண்டு ஜூலை 1-ல் தொடங்கும். கவுன்சிலில் 51 உறுப்பினர்கள். தொண்டு அமைப்புகளுக்குப் பிரித்துக் கொடுக்க ஒவ்வொருவர் கையிலும் ஒரு தொகை உண்டு. பட்ஜெட் நிறைவேறும்போது யாருக்கு எவ்வளவு என்று பட்டியல் போடுவார்கள், போட்டோ எடுப்பார்கள். நிஜமான வேலை அதற்குப் பிறகுதான். தொண்டு அமைப்பு என்று அட்டர்னி ஜெனரல் அலுவலகத்தில் செய்த பதிவு நடப்பில் இருக்க வேண்டும், இன்சூரன்ஸ் சான்றிதழ் வேண்டும், எல்லாவற்றையும் 'பாஸ்போர்ட்' என்று பெயர் வைத்திருக்கும் ஓர் இணையதளத்தில் ஏற்ற வேண்டும். கடைசியில் நகரத்தின் கம்ப்ட்ரோலர், அதாவது தலைமைக் கணக்கு அதிகாரி, ஒப்பந்தத்தைப் பதிவுசெய்ய வேண்டும். அவருக்குச் சட்டப்படி 30 நாள் கெடு. அவர் மேஜைக்குப் போய்ச் சேர்வதற்குள்தான் மாதங்கள் ஓடிவிடுகின்றன.

ஆனால் வகுப்புகளும் ஆலோசனையும் ஜூலையிலேயே ஓட வேண்டும். முதலில் உன் காசைச் செலவழி, ரசீதைக் காட்டு, பிறகு வாங்கிக்கொள் என்பதுதான் ஏற்பாடு. பெரிய அமைப்புகளுக்கு பேங்க் கடன் கொடுக்கும். சின்னவர்களுக்கு 'ஃபண்ட் ஃபார் தி சிட்டி ஆஃப் நியூயார்க்' என்ற அமைப்பு வட்டியில்லாமல் கைமாற்று தருகிறது. நல்ல விஷயம்தான், ஆனால் அதற்கும் இலாகாவின் சம்மதம் வேண்டும். 2022-ல் மேயரும் கம்ப்ட்ரோலரும் சேர்ந்து தேங்கிக் கிடந்த ஒப்பந்தங்களை முடித்துக் கொடுத்தபோது, முடங்கிக் கிடந்த 400 கோடி டாலருக்கு மேலான பணத்துக்கு வழி பிறந்தது. அதுவரை அந்தச் சுமையை எத்தனை பேர் தாங்கிக்கொண்டிருந்தார்களோ!

எங்கள் தலைவி கினியா நாட்டுக்காரர். எல்லோரும் அவரை 'தாந்தி' என்றே கூப்பிடுகிறார்கள், அத்தை என்று அர்த்தம். செப்டம்பர் வாடகைக்கு அவர் என்ன செய்தார் தெரியுமா? தொந்தீன் எடுத்தார். மேற்கு ஆப்பிரிக்கப் பெண்கள் நடத்துவது, அச்சு அசல் நம் சீட்டுதான். தள்ளு கிடையாது, முறை வைத்து எடுப்பார்கள். அந்த மாதம் முறை இவருடையது இல்லை. முடி பின்னும் கடை வைத்திருக்கும் ஒரு பெண் தன் முறையை விட்டுக்கொடுத்தார். நகரம் கொடுப்பதாகச் சொன்ன பணத்தை அதுவரைக்கும் கொடுத்துக்கொண்டிருப்பது, நாள் முழுக்க நின்று அடுத்தவர் தலைமுடி பின்னும் கைகள். இதைப் புத்தகத்தில் எங்கே எழுதுவது? 'தனிநபர் கடன், வட்டி இல்லை' என்று போட்டு வைத்தேன்.

இன்னொன்றைக் கேள், சிரிப்பாய். ஆங்கில வகுப்பின் வருகைப் பதிவை ஓர் இலாகா திருப்பி அனுப்பிவிட்டது. "ஒரே நபர் பல முறை பதிவாகியிருக்கிறார்" என்று குறிப்பு வேறு. பார்த்தால் எல்லாம் மாமடு ஜாலோ. ஃபுலானி என்ற மேற்கு ஆப்பிரிக்க இனத்தாரிடையே நம் ஊர் முருகன் அளவுக்குச் சாதாரணமான பெயர் அது, ஆனால் இனிஷியல் கிடையாது. பிறந்த தேதியை வைத்துப் பிரிக்கலாம் என்று போனால், பாதிப் பேருக்கு ஜனவரி 1. பிறப்புச் சான்றிதழ் இல்லாமல் வந்தவர்களுக்கு அந்தத் தேதியைத்தான் எழுதிவிடுகிறார்கள். கினியாவிலிருந்து வந்தவர் பிரெஞ்சு முறையில் ஒரு எழுத்துக்கூட்டல், காம்பியாவிலிருந்து வந்தவர் ஆங்கில முறையில் வேறொன்று. அந்தக் குழப்பம் தனி. கடைசியில் ஒவ்வொருவருக்கும் ஒரு எண் கொடுத்து, பக்கத்தில் அம்மா பெயரை எழுதி அனுப்பினேன்.

மொழி விஷயமும் இதே ரகம். 2017-ல் வந்த சட்டப்படி நகர இலாகாக்கள் முக்கியமான படிவங்களைப் பத்து மொழிகளில் தர வேண்டும். அதில் பிரெஞ்சும் அரபியும் இருக்கின்றன. ஆப்பிரிக்கர்களுக்கு பிரெஞ்சு போதும் என்று அதிகாரிகள் நினைத்துக்கொள்கிறார்கள். பள்ளிக்கூடமே போகாத, ஃபுலானிகளின் மொழியான புலார் மட்டும் பேசும் அம்மாவுக்கு பிரெஞ்சுப் படிவம் எதற்கு? 'ஆப்பிரிக்கன் கம்யூனிட்டீஸ் டுகெதர்' அமைப்பு, மொழிபெயர்ப்பாளர்களே முதலாளிகளாக இருக்கும் 'ஆப்ரிலிங்குவல்' என்ற கூட்டுறவை உருவாக்கியிருக்கிறது. அதைப் போன்ற ஏற்பாட்டுக்குத்தான் நகரம் தாராளமாகக் கொடுக்க வேண்டும் என்பேன்.

2022 ஜனவரி 9-ல் இங்கே 181-வது தெருவில் ட்வின் பார்க்ஸ் கட்டடத்தில் நடந்த தீ விபத்து உனக்கு நினைவிருக்கலாம். ஒரு வீட்டு ஹீட்டரில் பற்றியது. தானாக மூட வேண்டிய கதவு மூடாததால் மாடி முழுக்கப் புகை. 17 பேர் போனார்கள், எட்டுப் பேர் குழந்தைகள். பல குடும்பங்கள் காம்பியாவைச் சேர்ந்தவை. அன்று கம்பளியும் சாப்பாடும் சேர்த்துக் கொடுக்க முதலில் கதவைத் திறந்தவர்களில் பக்கத்துத் தெருக்காரர்களான காம்பிய இளைஞர் அமைப்பும் ஒன்று. அந்த ராத்திரி யாரும் ஒப்பந்தம் பதிவாகட்டும் என்று காத்திருக்கவில்லை.

கணக்கே கேட்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை, வசந்தி. அது பொதுப்பணம். மினசோட்டாவில் குழந்தைகளின் சாப்பாட்டுக்கான மத்திய அரசுப் பணத்தில் 25 கோடி டாலர் மோசடி என்று 2022-ல் வழக்குப் போட்டார்கள். குற்றம் சாட்டப்பட்டவர்களில் பலர் சோமாலிய வம்சாவளியினர். அதைப் பார்த்த பிறகு தாந்தி வெங்காயம் வாங்கிய பில்லைக்கூட போட்டோ எடுத்து வைக்கிறார். கேட்கிற கணக்கை ஒழுங்காகக் கொடுத்தவருக்கு நாள் கடத்தாமல் காசைக் கொடு, அவ்வளவுதான் என் வாதம். இப்போதோ, காத்திருக்க வசதி உள்ளவனுக்கே கிராண்ட் என்று ஆகிவிட்டது.

சரி, ஒரு உதவி வேண்டும். உங்கள் மகளிர் குழுவில் தீர்மானப் புத்தகமும் ரொக்கப் புத்தகமும் எழுதும் முறையைப் பற்றி தாந்தியிடம் சொன்னேன். பார்க்க வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கிறார். பழைய புத்தகத்தில் இரண்டு பக்கம் போட்டோ எடுத்து அனுப்பு. உறுப்பினர்கள் பெயரை மட்டும் மறைத்துவிடு. கையெழுத்துப் போடத் தெரியாதவர்கள் ரேகை வைத்த பக்கம் ஒன்று கட்டாயம் இருக்கட்டும். அதைத்தான் இங்கே எப்படி ஏற்றுக்கொள்ள வைப்பது என்று யோசித்துக்கொண்டிருக்கிறோம்.

அண்ணனைக் கேட்டதாகச் சொல்.

உன்,
சுந்தரி