மும்பையிலிருந்து டீச்சரம்மாவுக்கு

அன்புள்ள டீச்சரம்மாவுக்கு,

உன் கடிதம் வந்து நாளாகிவிட்டது. தாமதத்துக்கு மழையைக் காரணம் சொன்னால் நம்பமாட்டாய், ஆனால் பாதிக் காரணம் அதுதான். வீட்டில் எல்லோரும் நலம். அவருக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. மகன் புனேயில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான். செம்பூர் வீட்டில் இப்போது நாங்கள் இருவரும் மாமியாரும்தான். வீட்டுச் செய்தி முடிந்தது.

"ரத்தப் புற்றுநோய் டே கேருக்கு இன்சார்ஜ் நர்ஸ் ஆன பிறகு ஊசி போடுவதையே விட்டுவிட்டாயா, உட்கார்ந்து கையெழுத்துதானா?" என்று கேட்டிருந்தாய். கிண்டலோ நிஜமோ, பதில் சொல்கிறேன். ஊசி போடுகிறேன். நரம்பு கிடைக்காத கைகளை எல்லாம் கடைசியில் என்னிடம்தான் அனுப்புகிறார்கள். மற்றபடி என் நாளில் முக்கால்வாசி போன், பட்டியல், சண்டை.

வார்டு என்றால் நோயாளி நம் கண் முன்னால் இருப்பார். ரத்தப் புற்றுநோய் டே கேரில் அப்படியில்லை. காலையில் வருவார், நாற்காலியில் உட்காருவார், மருந்து ஏறும், சாயங்காலம் அம்பர்நாத்துக்கோ தாராவிக்கோ போய்விடுவார். கவுண்ட், அதாவது ரத்த அணுக்களின் எண்ணிக்கை, இறங்குவது அதற்கப்புறம்தான். பல கீமோக்களில் ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாளுக்குள். ஆபத்து வருகிற நாளில் அவர் என்னிடம் இல்லை, பத்துக்குப் பத்து அறையில் நாலு பேரோடு படுத்திருக்கிறார். அந்த அறைக்குள் என் கை எட்ட வேண்டும். நான் மண்டையை உடைத்துக்கொள்வதெல்லாம் இதற்காகத்தான்.

காய்ச்சலை எடுத்துக்கொள். கிருமியோடு சண்டை போடுகிற வெள்ளணு இறங்கியவனுக்குச் சீழ் பிடிக்காது, சிவக்காது, நெஞ்சில் சளிகூடச் சரியாகத் தெரியாது. காய்ச்சல் ஒன்றுதான் தகவல் சொல்லும். 100.4 வந்து ஒரு மணி நேரம் நின்றாலோ, ஒரே தடவை 101ஐத் தொட்டாலோ உடனே கிளம்ப வேண்டும். வந்த ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் ஊசி உள்ளே போயிருக்க வேண்டும். இதெல்லாம் நீ பாடமாக நடத்துவதுதான். நடைமுறையில் என்ன நடக்கிறது? "உடம்பு லேசாகச் சுட்டது, ஒரு பாராசிட்டமால் போட்டேன், விட்டுவிட்டது, காலையில் பார்க்கலாம் என்று இருந்தோம்." அந்தக் காலைக்குள் ரத்த அழுத்தம் விழுந்துவிடும். அதனால் முதல் கீமோ அன்றே தெர்மாமீட்டர் வாங்கி வரச் சொல்கிறோம். என் முன்னால் வைத்துப் பார்த்து எண்ணை வாசித்துக் காட்ட வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பாட்டிக்குப் பேரப்பிள்ளையைப் பழக்கினோம். அவன் மூன்றாம் வகுப்பு. எந்த நர்சையும்விட ஒழுங்காகக் குறித்துக்கொண்டு வருகிறான்.

ஜூலை மாதம் இதில் தனிக் கஷ்டம். கனமழை பெய்தால் சயானுக்கும் குர்லாவுக்கும் நடுவே தண்டவாளம் முங்கிவிடும், ஹிந்த்மாதா சாலையில் முழங்கால் தண்ணீர். 101 காய்ச்சலோடு ஒருவர் தாணேயிலிருந்து பரேல் பக்கம் இருக்கிற எங்கள் ஆஸ்பத்திரிக்கு எப்படி வருவார்? "எப்படியாவது வாருங்கள்" என்று போனில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதனால் ஒவ்வொருவர் கையிலும் ஒரு தாள் கொடுத்திருக்கிறோம்: என்ன நோய், என்ன கீமோ, எந்தத் தேதியில், கவுண்ட் குறைந்திருக்கலாம், பிளட் கல்ச்சர் (ரத்தத்தில் கிருமி இருக்கிறதா என்று பார்க்கிற சோதனை) எடுத்துவிட்டு உடனே ஊசி மருந்து ஆரம்பிக்கவும், எங்கள் போன் எண். டாக்டருக்கு ஆங்கிலத்தில், வீட்டாருக்கு மராத்தி, இந்தி, தமிழில். வீட்டுக்குப் பக்கத்தில் ராத்திரியும் திறந்திருக்கிற ஆஸ்பத்திரி எது என்பதை முன்கூட்டியே கேட்டு அதில் எழுதிவிடுகிறோம். இதே பருவத்தில் டெங்குவும் மலேரியாவும் வேறு. ஏற்கனவே பிளேட்லெட் இருபதாயிரத்தில் நிற்கிறவருக்கு டெங்கு வந்தால் எது எதனால் இறங்கியது என்று டாக்டர்களே தலையைச் சொறிகிறார்கள்.

காலை நேரச் சண்டையையும் சொல்லிவிடுகிறேன். ஏழு மணிக்கு ரத்தம் எடுத்தால் ரிப்போர்ட் வர ஒன்பதரை, டாக்டர் பார்த்து ஓகே சொல்ல பதினொன்று, பார்மசியில் மருந்து கலந்து வர மதியம். போர்டெசோமிப் தோலுக்கடியில் போடுகிற சின்ன ஊசி. அதற்கு மயிலோமா என்கிற எலும்பு மஜ்ஜைப் புற்றுநோய் வந்த பெரியவர் ஒருவர் முதுகு வலியோடு நாள் முழுக்கக் காத்திருப்பார். பக்கத்தில் நரம்பு வழியாக ஏற்றுகிற ரிட்டுக்சிமாப் மருந்தின் முதல் டோஸ். மணிக்கு 50 மில்லிகிராமில் ஆரம்பித்து, நடுக்கம் வருகிறதா என்று பார்த்துப் பார்த்து வேகத்தைக் கூட்ட வேண்டும், நாற்காலி பொழுதுக்கும் காலியாகாது. இரண்டையும் ஒரே வரிசையில் விட்டால் சண்டை வராமல் என்ன செய்யும்? சின்ன ஊசிகளுக்குத் தனி நாற்காலிகள் ஒதுக்கினேன். முடிந்தவர்களை முந்தின நாளே வீட்டுப் பக்கத்து லேபில் சி.பி.சி. (ரத்த அணுக்களை எண்ணுகிற சோதனை) எடுத்து அனுப்பச் சொன்னேன். முதலில் லேப் ஒத்துக்கொள்ளவில்லை, அப்புறம் பார்மசி. இப்போது ஓரளவு ஓடுகிறது. மத்தியானத்துக்குள் வீட்டுக்குப் போகிறவர்கள் முகத்தைப் பார்த்தால் அந்தச் சண்டைகள் மறந்துபோகின்றன.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் யாருக்கும் இறங்குவதில்லை. வின்கிறிஸ்டின் என்கிற கீமோ மருந்து சிரிஞ்சில் என் யூனிட்டுக்குள் வராது, 50 மில்லி பையில்தான் வரும். நரம்பில் ஏற வேண்டிய அந்த மருந்து தவறிப்போய் முதுகுத் தண்டில் ஏறினால் ஆளைத் திரும்பப் பெறுவது அநேகமாக நடக்காது. உலகில் பல இடங்களில் அப்படி நடந்திருக்கிறது. பை என்றால் முதுகு ஊசியில் மாட்ட யாருக்கும் கை போகாது. உலக சுகாதார நிறுவனமே சொன்ன வழி அது. முதுகுத் தண்டில் போட வேண்டிய வேறு மருந்துகளுக்கான நாளையும் வேறாக வைத்திருக்கிறேன். "இத்தனை வருஷம் சிரிஞ்சில்தானே போட்டோம், சிஸ்டர்?" என்று ஒரு மூத்த டாக்டர் முகம் சுளித்தார். சிரித்துக்கொண்டே பையை நீட்டினேன். உன் மாணவிகளுக்கு வேறெதை விட்டாலும் இதைச் சொல்லிக்கொடுத்து அனுப்பு.

அப்புறம் மாத்திரைக்காரர்கள். சி.எம்.எல். என்கிற நாள்பட்ட ரத்தப் புற்றுநோய்க்கு இமாடினிப் சாப்பிடுகிற ஆட்கள்தான் பார்வைக்கு எங்களிடம் ஆரோக்கியமானவர்கள், பிடித்து வைக்கக் கஷ்டமானவர்களும் அவர்களே. நாம் படித்த காலத்தில் சி.எம்.எல். என்றால் என்ன சொல்லிக்கொடுத்தார்கள், நினைவிருக்கிறதா? இப்போது தினமும் ஒரு மாத்திரை, சாப்பாட்டோடு, பெரிய டம்ளர் தண்ணீரோடு. 2013 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் இந்த மாத்திரைக்கு ஸ்விஸ் கம்பெனி நோவார்ட்டிஸ் வைத்த காப்புரிமைக் கோரிக்கையைத் தள்ளியதால் நம் ஊர்க் கம்பெனி மாத்திரைகளுக்குத் தடை வரவில்லை. மாதம் லட்சத்துக்கு மேல் என்று இருந்தது சில ஆயிரங்களில் கிடைத்தது. ஆனால் உடம்பு நன்றாக இருக்கும்போது யாருக்குத்தான் மாத்திரை நினைவிருக்கும்? கண் வீங்குகிறது, கால் தசை பிடிக்கிறது என்று சத்தமில்லாமல் நிறுத்திவிடுவார்கள். கல்யாணப் பேச்சு வந்தால் மாத்திரை டப்பாவே பீரோவுக்குள் ஒளிந்துகொள்ளும். "ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா?" என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள். "போன மாதம் எத்தனை மாத்திரை மிஞ்சியது?" என்று கேட்க என் நர்சுப் பெண்களைப் பழக்கியிருக்கிறேன். திட்டாமல் கேட்டால் உண்மை வருகிறது. ரத்தத்தில் நோய் எவ்வளவு மிச்சம் என்று பார்க்க மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுக்கிற பி.சி.ஆர். பரிசோதனை மீதியைச் சொல்லிவிடும்.

ரத்தப் புற்றுநோய்க்கான கார்-டி செல் சிகிச்சை பற்றியும் கேட்டிருந்தாய். ஆமாம், ஐ.ஐ.டி. பாம்பேயும் டாடா மெமோரியலும் சேர்ந்து உருவாக்கிய நெக்ஸ்கார்19க்கு 2023 அக்டோபரில் அனுமதி கிடைத்தது. நோயாளியின் சொந்த டி செல்லையே (ஒரு வகை வெள்ளணு) எடுத்து, புற்றணுவைத் தாக்கும்படி மாற்றி, பெருக்கித் திரும்ப ஏற்றுகிறார்கள். வெளிநாட்டு விலையோடு பார்த்தால் மிகக் குறைவு, நம் ஜனங்களின் கைக்கு அதுவும் எட்டாத தூரம்.

நர்சுப் பெண்களைப் பற்றிச் சொன்னேனே, அதுதான் என் பெரிய கவலை. கீமோ கொடுக்கப் பழக்கி, கை உறுதியாகி, தனியாக விடலாம் என்று நினைக்கிற நேரத்தில் அயர்லாந்து விசா வந்துவிடும். கோபப்பட முடியவில்லை, சம்பளம் அப்படி. மௌஷிகள், அதாவது ஆயாம்மாக்கள்தான் நிலையாக இருக்கிறார்கள். எந்த நோயாளி சாப்பிடாமல் வந்திருக்கிறார் என்பது எனக்கு முன்னால் அவர்களுக்குத் தெரியும்.

இப்போது காரியத்துக்கு வருகிறேன். எங்களிடம் கீமோ எடுக்கிற ஒருவர் அடுத்த சுற்றுக்கு முன்னால் கொஞ்ச நாள் ஊரில் இருந்துவிட்டு வருகிறேன் என்கிறார். தென்காசிப் பக்கம். டாக்டரும் சரி என்றுவிட்டார். கையில் பிக் லைன் (கை நரம்பு வழியாக இதயத்துக்குப் பக்கம் வரை போகிற மெல்லிய குழாய்) இருக்கிறது. வாரம் ஒருமுறை டிரெஸ்ஸிங் மாற்றி, குழாய் அடைக்காமல் இருக்க உப்பு நீர் செலுத்தி (சலைன் ஃபிளஷ்) விட நம்பிக்கையான ஆள் வேண்டும். 10 மில்லி சிரிஞ்சுக்குக் குறைந்து எதையும் அதில் வைக்கக் கூடாது, அந்தக் கையில் பி.பி. பார்க்கக் கூடாது. உனக்கே பாடம் நடத்துகிறேன் பார். உன்னிடம் படித்தவர்கள் யாராவது அந்தப் பக்கம் வேலையில் இருந்தால் பெயரும் நம்பரும் அனுப்பு. டிரெஸ்ஸிங் சாமான் எல்லாம் இங்கிருந்தே கட்டிக் கொடுத்துவிடுகிறேன். வியாழக்கிழமை நாகர்கோவில் எக்ஸ்பிரஸில் ஏறுகிறார்கள். அதற்குள் போனிலாவது சொல்லிவிடு, கடிதம் அப்புறம் எழுதலாம்.

உன் பழைய ரூம்மேட்