பேக்கர் உட்காரும் இடம்

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே நலம். குளிர்தான் தாங்கவில்லை. பாறையில் துளையிடும் ரிக்கில் என்ன வேலை என்று கேட்டிருந்தாய். நீயும் வரப்போகிறவன், விவரமாகவே எழுதுகிறேன்.

பாறை எவ்வளவு தண்ணீர் குடிக்கிறது என்று பார்க்க, துளையில் 5 மீட்டரை மட்டும் அடைத்துப் பிரிக்கிறோம். அடைப்பது பேக்கர்: இரும்புக் குழாய்மேல் கனத்த ரப்பர் உறை, ஊதினால் துளைச்சுவரை இறுக்கிப் பிடிக்கும். தண்ணீராலும் ஊதலாம், ஆனால் இந்தக் குளிரில் மெல்லிய குழாயில் உறைந்துவிடும், அதனால் நைட்ரஜன்.

முதலில் கோர் பெட்டியை, அதாவது துளையிலிருந்து எடுத்த பாறைத் துண்டுகளை வரிசையாக வைத்திருக்கும் பெட்டியைப் பார். விரிசலில்லாத ஒரு மீட்டர் பாறை எங்கே இருக்கிறதோ அங்கேதான் பேக்கர் உட்கார வேண்டும். பாதித் தவறுகள் இங்கேதான். பிறகு துளையைத் தெளிந்த நீர் வரும்வரை கழுவு. சேறு அடைத்த விரிசல் தண்ணீர் குடிக்காது, பாறை நல்லதென்று பொய் சொல்லும்.

ஊதும் அழுத்தம்: 30 மீட்டரில் நீர் நிரம்பிய துளை என்றால் நீரின் எடைக்கு 3 பார் (பார் என்பது அழுத்தத்தின் அளவு), பாறைக்குள் தண்ணீரைச் செலுத்தும் சோதனைக்கு 6 பார், அதற்குமேல் ரப்பர் விரிய ஆவதும் கொஞ்சம் கூடுதலும். சோதனை அழுத்தம் ஒரு மீட்டர் ஆழத்துக்குக் கால் பாரைத் தாண்டக் கூடாது. தாண்டினால் நாமே பாறையைப் பிளந்துவிடுவோம்.

2, 4, 6, 4, 2 பார் என்று ஐந்து படி, படிக்கு 10 நிமிடம். 6 பாரில் 10 நிமிடத்துக்கு 150 லிட்டர் இறங்கினால் நிமிடத்துக்கு 15, அடைத்த 5 மீட்டருக்குப் பங்கிட்டால் மீட்டருக்கு 3. 10 பாருக்கு மாற்றினால் 5 லூஜான்; 10 பாரில் ஒரு மீட்டர் பாறை நிமிடத்துக்கு ஒரு லிட்டர் குடித்தால் அது ஒரு லூஜான். அழுத்தத்தைக் குறைத்து வரும்போது அதே 4 பாரில் முன்னைவிட அதிகம் குடித்தால் விரிசலில் இருந்த மண் அரித்துப் போயிருக்கிறது. குறைந்தால் இடுக்குகள் நிரம்பிவிட்டன. 6 பாரில் மட்டும் எகிறினால் அழுத்தத்தில் விரிசல் வாய் திறந்திருக்கிறது.

லூஜான் எண் பெரிதாக வந்தால் உடனே நம்பாதே. பேக்கருக்கு மேலே துளையில் நீர்மட்டம் ஏறுகிறதா பார். ஏறினால் கசிவு. இன்னும் கொஞ்சம் ஊதியும் நிற்காவிட்டால் தண்ணீர் ரப்பரைச் சுற்றிப் போகவில்லை, பாறை விரிசல் வழியே மேலே வருகிறது. அரை மீட்டர் மேலே தூக்கி உட்கார வை. மேலும் மேலும் ஊதினால், துளை அகன்ற இடத்தில் ரப்பர் வெடிக்கும்.

முடிந்ததும் வாயுவை விட்டு, 20 நிமிடமாவது காத்திரு. சுருங்குமுன் இழுத்தால் ரப்பர் கிழிந்து உள்ளேயே மாட்டிக்கொள்ளும். அதை மீட்க முடியாவிட்டால் துளையையே கைவிட வேண்டியதுதான்.

அன்புடன்,
அண்ணன்