பழைய கிட்டார் பிக்கப்: ஸ்டிக்கரை விட்டு அடிப்பக்கத்தைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

1950கள், 60களைச் சேர்ந்தவை என்ற பெயரில் மின்கிட்டார் பிக்கப்புகள், அதாவது தந்தியின் அதிர்வை மின்சமிக்ஞையாக மாற்றும் காந்தச் சுருள்கள், நம் சிங்கப்பூர் இணையச் சந்தைகளில் பெரிய விலைக்கு வருகின்றன. எம்ஆர்டி நிலைய வாசலில் ஐந்து நிமிடத்தில் கைமாறும் பொருளாகவும் அவை ஆகிவிட்டன. விளம்பரத்தில் பெரும்பாலும் இரண்டே தகவல் இருக்கும்: ஸ்டிக்கரின் படமும் மல்டிமீட்டர் காட்டிய மின்தடை எண்ணும். அசலா போலியா என்று அறிய மிகக் குறைவாக உதவுபவை இவ்விரண்டும்தான். வாங்கும் இளையர்களுக்காக இதைச் சற்று விரிவாக எழுதுகிறேன்.

கிப்சன் கிட்டார் நிறுவனத்துக்காக ஹம்பக்கரை (இரைச்சலைக் குறைக்கும் இரட்டைச் சுருள் பிக்கப்பை) வடிவமைத்த செத் லவர் 1955ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1959ல் அது கிடைத்தது. ஆனாலும் 'பேட்டன்ட் அப்ளைட் ஃபார்' (காப்புரிமைக்கு விண்ணப்பிக்கப்பட்டுள்ளது) என்று கறுப்பில் பொன்னெழுத்து கொண்ட ஸ்டிக்கர் ஏறத்தாழ 1962 வரை ஒட்டப்பட்டது. அந்தப் பிக்கப்புகளுக்குப் பிஏஎஃப் என்ற பெயர் அதிலிருந்து வந்ததுதான். அடுத்து வந்த ஸ்டிக்கரில் 2,737,842 என்ற எண் இருக்கும். அது கிட்டார் கலைஞர் லெஸ் பாலின் டெயில்பீஸுக்கு (தந்திகளின் அடிமுனையைப் பிடிக்கும் பாகத்துக்கு) உரிய காப்புரிமை எண். ஹம்பக்கருக்கு உரியது 2,896,491. எண் பொருந்தவில்லையே என்று 60களின் நல்ல பிக்கப்பை ஒதுக்கிவிட வேண்டாம், அசலிலேயே அப்படித்தான் இருக்கும். இந்த ஸ்டிக்கர்களின் நகல்கள் தனியாகவே விற்பனைக்குக் கிடைக்கின்றன. எனவே ஸ்டிக்கரை நம்பி ஒரு வெள்ளிகூடக் கூடுதலாகத் தர வேண்டியதில்லை.

அடுத்தது மின்தடை. பிஏஎஃப் பொதுவாக 7 முதல் 9 கிலோ ஓம் வரை காட்டும். கம்பிச் சுற்றுகள் அன்று துல்லியமாக எண்ணப்படாததால் ஒன்றுக்கொன்று வேறுபடும். இதே அளவைப் புதிய பிக்கப்பிலும் எளிதாகக் கொண்டுவரலாம். 42ஆம் எண் கம்பிக்குப் பதில் மெல்லிய 43ஆம் எண் கம்பியைச் சுற்றினால் ஒரே நீளத்துக்குத் தடை ஏறத்தாழ கால் பங்கு கூடிவிடும். குறைந்த சுற்றிலேயே அதே எண் வந்துவிடும், ஒலி மட்டும் வேறாக இருக்கும். நம் ஊர் வெப்பத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். செம்பின் தடை ஒரு டிகிரி செல்சியஸுக்கு ஏறத்தாழ 0.39 விழுக்காடு கூடும். 23 டிகிரி குளிர்சாதன அறையில் 8.00 காட்டும் பிக்கப், 31 டிகிரியில் வீவக அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் 8.25 காட்டும். கழற்றாமல் கிட்டாரின் ஜேக் (ஒயர் செருகும் துளை) வழியாக அளந்தால் எண் குறையும்: ஒலி அளவைக் கூட்டிக் குறைக்கும் 500 கிலோ ஓம் வால்யூம் பாட் இணையாக இருப்பதால் 8.00 என்பது 7.87 ஆகிவிடும். வால்யூமை முழுவதும் திறந்து, ஒரு பிக்கப்பை மட்டும் தேர்ந்தெடுத்து அளக்க வேண்டும். அறை வெப்பநிலையைச் சொல்லாமல் புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கம் போட்டுப் பெருமை பேசும் விளம்பரத்துக்கு மதிப்பில்லை.

உண்மையில் பார்க்க வேண்டியது அடிப்பக்கம். 1959 என்று சொல்லப்படும் பிஏஎஃப்பில் அடித்தகட்டின் கால்களில் எல் வடிவ அச்சுத் தடம் இருக்கும். பாபின்களை (கம்பி சுற்றிய சட்டங்களை) பிடிக்கும் நான்கு ஸ்க்ரூக்களும் பித்தளை, நட்சத்திரத் தலை கொண்டவை. வெளியே வரும் ஒயர் உலோகப் பின்னல் உறை போட்டது. மூடி இல்லாத பிக்கப்பில் பாபின் மேல் ஆங்கில 'T' எழுத்து தெரிந்தால் அது 60களின் நடுப்பகுதிக்குப் பிந்தையது, பிஏஎஃப் அல்ல. கம்பியின் நிறம் கண்ணில் பட்டால் இன்னும் நல்லது: அன்றைய எனாமல் பூச்சு கருஞ்சிவப்பும் ஊதாவும் கலந்தது. ஆனால் இன்றைய நல்ல நகல்களில் இந்த அடையாளங்களும் இருக்கின்றன. ஆகவே ஓர் அடையாளம் இல்லாவிட்டால் சந்தேகப்படுங்கள், இருப்பதாலேயே நம்பிவிடாதீர்கள். இந்தத் துறையில் சோதனைகள் போலியைக் கழிக்கத்தான் உதவும்.

ஃபெண்டர் நிறுவனத்தின் ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டார் பிக்கப்புக்குக் கணக்கு வேறு. 1964 வாக்கில்தான் அதன் கம்பி, பொன்னிற ஃபார்ம்வார் பூச்சிலிருந்து கருமையான எனாமல் பூச்சுக்கு மாறியது. அதையொட்டியே அடியில் உள்ள ஃபைபர் அட்டையும் கறுப்பிலிருந்து சாம்பல் நிறமானது. 1959 என்று சொல்லிச் சாம்பல் அட்டையைக் காட்டினால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

துருவைப் பார்த்து வயது கணிப்பவர்கள் பலர். நம் ஈரக்காற்றில் புதிய இரும்பு ஸ்க்ரூகூட விரைவில் துருப்பிடிக்கும். உப்பு நீரும் அமிலமும் அதைவிட வேகமாக வேலை செய்யும். துரு இருக்கக் கூடாத இடத்தைப் பாருங்கள். உண்மையான முதுமையில் ஸ்க்ரூ தலையின் கீழும் ஒயர் மறைத்த இடமும் மற்ற பகுதியைவிடச் சுத்தமாக இருக்கும். எல்லா இடமும் ஒரே சீராக மங்கியிருந்தால் யாரோ மங்கச் செய்திருக்கிறார்கள்.

ஒன்றை மிகவும் வேண்டிக் கேட்கிறேன்: உள்ளே பார்க்கும் ஆசையில் மூடியின் சால்டரை (ஈயப் பற்றை) உருக்காதீர்கள். திறக்கப்படாத அசல் சால்டருக்கே தனி விலை உண்டு. 0.06 மில்லிமீட்டர் தடிமனே உள்ள கம்பி ஒருமுறை அறுந்தால் மறுசுற்றுதான் (புதுக் கம்பியை மீண்டும் சுற்றுவதுதான்) வழி. அசல் பாகங்களாகவே இருந்தாலும் மறுசுற்றிய பிக்கப்பின் விலை இறங்கிவிடும். மறுசுற்றியதை மறைத்து விற்பதையும் போலி விற்பதற்குச் சமமாகவே கருதுகிறேன்.

பணம் கொடுக்கும் முன் அடிப்பக்கம், நான்கு மூலைகள், மூடியின் சால்டர், ஒயர் சேரும் இடம் ஆகியவற்றின் தெளிவான படங்களைக் கேளுங்கள். கடைகள் தாமாகவே இவற்றை விளம்பரத்தில் போட வேண்டும். 'எந்த ஆண்டு, மறுசுற்று உண்டா இல்லையா, மூடி திறக்கப்பட்டதா' என்ற மூன்றையும் ரசீதில் எழுதித் தரச் சொல்லுங்கள். தனிநபர் விற்றால் குறுஞ்செய்தியிலாவது எழுதி வாங்குங்கள். சிறு உரிமைகோரல் நடுவர் மன்றம் 20,000 வெள்ளி வரையிலான விற்பனைத் தகராறுகளை, இரு தரப்பும் எழுத்துபூர்வமாக ஒப்புக்கொண்டால் 30,000 வெள்ளி வரை, விசாரிக்கிறது. இரண்டு ஆண்டுக்குள் மனு செய்ய வேண்டும். அங்கே எடுத்துக்காட்ட எழுத்தில் ஏதாவது இருக்க வேண்டும்.

கிட்டார் பழுதுபார்ப்பவர்,
தேக்கா, சிங்கப்பூர்